கல்வி மாநாடு எதற்காக? புதிதாக நுழைபவர்களுக்கு ஒரு விளக்கம்

மொரிசியஸ் தமிழரிடையே மாநாடு என்று சொன்னவுடன் நினைவுக்கு வருபவை குத்துவிளக்கு, மேடை, பொன்னாடை, வெளிநாட்டுப் பேச்சாளர், கடைசியில் ஒரு குழுப் புகைப்படம். கோயில் சங்கத்தார் கூடுவதையும் ஆசிரியர்கள் கூடுவதையும் ஆய்வாளர்கள் கூடுவதையும் ஒரே பெயரால் அழைத்துப் பழகிவிட்டதால், பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் நடத்தும் கல்வி மாநாட்டுக்கென்று உள்ள தனி நோக்கம் பலருக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. அதை ஒரு விழாவாகக் கருதுவோர் உண்டு. அறிஞர்கள் தங்களுக்குள் பாராட்டிக்கொள்ளும் அந்த விழாவுக்கு நிதி ஒதுக்குவதே வீண் என்பது அவர்கள் முடிவு. பதவி உயர்வுக்கான கோப்பில் சேர்க்க ஒரு சான்றிதழ் வாங்கும் இடமாகக் கருதுவோரும் உண்டு. கட்டுரையை வாசித்துச் சான்றிதழைப் பெற்றவுடன் வேலை முடிந்தது என்று அவர்கள் புறப்பட்டுவிடுகிறார்கள்.

இரு சாராரும் மாநாட்டின் முதன்மையான வேலையைக் கவனிக்கத் தவறுகிறார்கள். ஒரு துறையில் ஆளுக்கொரு மூலையில் தனித்து உழைப்பவர்களை, ஒருவர் எழுதியதை ஒருவர் படித்து, தவறைக் காட்டி, புதியவருக்கு வழிவிடும் கூட்டமாக மாற்றுவதே அந்த வேலை. இப்படி ஒருவர் வளர்ச்சியில் மற்றவர் பொறுப்பேற்கும் பழக்கங்களின் தொகுப்பை இந்தக் கட்டுரையில் ஆதரவான தொழிற்பண்பாடு என்று குறிப்பிடுகிறேன். கட்டுரைகளை மின்னஞ்சலில் அனுப்பிவிட முடிகின்ற இந்தக் காலத்திலும் மனிதர்கள் விமானம் ஏறி ஓர் இடத்தில் கூடுவதற்கு அந்தப் பண்பாடே காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

கோயில் சமையற்கட்டில் நடப்பது

தைப்பூசக் காவடிக்கு முந்தைய இரவு நம் ஊர்க் கோயிலின் சமையற்கட்டை எண்ணிப் பாருங்கள். மறுநாள் காவடி எடுத்து வருவோருக்கும் உடன் வருவோருக்கும் வாழையிலையில் ஏழு கறி பரிமாற வேண்டும். பூசணிக்காய் நறுக்க ஒரு கூட்டம், வாழைக்காய் சீவ ஒரு கூட்டம், பெரிய அண்டாக்களுக்கு அருகே வயதில் மூத்த சிலர். சமையல் குறிப்பு எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் 5 பேருக்குச் சமைக்கத் தெரிந்தவருக்கு 500 பேருக்கு உப்புப் போடத் தெரியாது. முதல் ஆண்டு வரும் பிள்ளை காய் நறுக்குகிறது, நறுக்கிக்கொண்டே அண்டாவின் பக்கம் பார்க்கிறது, யார் எப்போது எதைக் கிளறுகிறார் என்பதை மனத்தில் வாங்குகிறது. சில ஆண்டுகளில் அந்தப் பிள்ளையின் கைக்கே கரண்டி வந்து சேர்கிறது. புளிப்புக் கூடினால், இலைக்குப் போவதற்கு முன்பே பக்கத்தில் நிற்கும் அக்கா சொல்லிவிடுகிறார். பாடத்திட்டமோ தேர்வோ இல்லாமலேயே அடுத்த தலைமுறை சமைக்கக் கற்றுக்கொள்கிறது.

கல்வி மாநாட்டின் உள்ளிருக்கும் அமைப்பும் இதுதான். புதியவர் சிறிய வேலையோடு ஓரத்தில் நுழைகிறார், தேர்ந்தவர்கள் வேலை செய்யும் விதத்தை அருகிலிருந்து பார்க்கிறார், அவருடைய பிழை உலகத்தின் முன் அச்சேறுவதற்கு முன்பே நட்பான ஒருவரால் கண்டுபிடிக்கப்படுகிறது. ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் என்ற இரு ஆய்வாளர்கள், தையற்காரர் முதலிய பல தொழில்களில் பயில்வோரைக் கவனித்து, மனிதர் தொழில் கற்பது பெரும்பாலும் இந்த வழியில்தான் என்று 1991இல் விளக்கினார்கள். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நகர்வதே கற்றல் என்பது அவர்கள் கருத்தின் சாரம்.

ஒரு மாநாடு உருவாகும் விதம்

இனி அதன் எந்திரத்தைப் பார்ப்போம். மாநாட்டிற்குப் பல மாதங்களுக்கு முன் ஏற்பாட்டாளர்கள் பொருளையும் தேதியையும் சொல்லி அழைப்பு விடுக்கிறார்கள். பங்கேற்க விரும்புபவர், தாம் ஆராய்ந்தது என்ன, எப்படி, என்ன கண்டார் என்பதை ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்புகிறார். இதற்கு ஆய்வுச்சுருக்கம் என்று பெயர். அதே துறையைச் சேர்ந்த வேறு இருவரோ மூவரோ அதைப் படித்து, ஏற்கலாமா, எதைத் திருத்த வேண்டும் என்று எழுதுகிறார்கள். இது சக மதிப்பாய்வு. ஏற்கப்பட்ட கட்டுரைகள் அமர்வுகளாகப் பிரிக்கப்படுகின்றன. ஓர் அமர்வில் மூன்று நான்கு பேர் ஆளுக்கு 15 அல்லது 20 நிமிடம் பேசி, கேள்விகளுக்கு விடை சொல்கிறார்கள். நேரத்தையும் கேள்விகளையும் ஒழுங்குபடுத்துபவர் அமர்வுத் தலைவர். மாநாட்டிற்குப் பின் திருத்திய கட்டுரைகள் ஒன்றாக வெளிவந்தால் அது ஆய்வுக்கோவை.

சக மதிப்பாய்வைப் பற்றி ஒரு சொல். நம்மில் பலர் அதை வாயிற்காவல் போல மட்டுமே பார்க்கிறோம். உள்ளே விட்டார்களா இல்லையா என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆனால் பட்டம் முடிக்காத ஒரு மாணவருக்கு, தம் பேராசிரியரைத் தவிர வேறு யாரோ ஒருவர் தம் எழுத்தை வரிவரியாகப் படித்துக் கருத்துச் சொல்வது பெரும்பாலும் அதுவே முதல் முறை. நிராகரிப்புக் கடிதத்தோடு நான்கு வரி விளக்கம் வந்தால்கூட அது கட்டணமில்லாமல் கிடைத்த பாடம். விளக்கமே தராமல் நிராகரிக்கும் மாநாடு தன் கடமையில் பாதியைச் செய்யவில்லை என்றே சொல்வேன்.

இதுவரை பார்த்தவற்றைச் சேர்த்துக்கொள்வோம். மாநாடு என்பது அழைப்பு, சுருக்கம், மதிப்பாய்வு, அமர்வு, கோவை என்ற வரிசையில் நடப்பது. இந்த வரிசை வெளியே தெரியும் பகுதி. பண்பாடு உருவாவது இதன் இடைவெளிகளில். அடுத்து அங்கே செல்வோம்.

அவையில் முடியாதது வாசலில் முடிந்த கதை

1860 செப்டம்பர் 3 முதல் 5 வரை ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஐரோப்பிய வேதியியலாளர்கள் சுமார் 140 பேர் கூடினார்கள். வேதியியலின் முதல் பன்னாட்டு மாநாடு அது. அன்றைய குழப்பம் பெரிது: அணுவுக்கும் மூலக்கூறுக்கும் வேறுபாடு என்ன என்பதிலேயே உடன்பாடு இல்லை, அசிட்டிக் அமிலம் என்ற ஒரே பொருளுக்கு 19 விதமான வாய்பாடுகள் புழக்கத்தில் இருந்தன. ஒருவர் எழுதிய வாய்பாட்டை மற்றவர் வேறு பொருளில் படித்துக்கொண்டிருந்தார். மூன்று நாள் பேசியும் அவையில் முடிவு எட்டப்படவில்லை.

ஆனால் கலைந்து செல்லும் நேரத்தில், இத்தாலிய வேதியியலாளர் ஸ்தானிஸ்லாவோ கன்னிசாரோ இரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுதியிருந்த ஒரு சிறு நூலின் படிகளை அவருடைய நண்பர் ஆஞ்செலோ பவேசி வந்தவர்களின் கைகளில் கொடுத்தார். அணு எடைகளை எப்படிச் சீராகக் கணக்கிடுவது என்று அதில் விளக்கப்பட்டிருந்தது. ஜெர்மானியரான லோதர் மேயர் அதை ஊர் திரும்பும் வழியில் படித்து, கண்ணை மறைத்த திரை விலகியது போல உணர்ந்ததாகப் பிற்காலத்தில் எழுதினார். ரஷ்யாவிலிருந்து வந்திருந்த 26 வயது திமித்ரி மெண்டலீவும் அந்த மாநாட்டில் இருந்தார். 1869இல் அவர் வெளியிட்ட தனிம வரிசை அட்டவணை, அங்கே தெளிவடைந்த அணு எடைகளின் மீது எழுந்தது.

இந்த நிகழ்ச்சியை நான் அடிக்கடி எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கன்னிசாரோவின் நூல் 1858லேயே அச்சில் வந்துவிட்டது. படிக்க வேண்டியவர்கள் அதைப் படிக்கவில்லை, அவ்வளவுதான். அதே நூல் ஒரு நண்பரின் கையால், அந்தப் பொருளைப் பற்றியே மூன்று நாள் பேசிக் களைத்தவர்களின் கையில் வைக்கப்பட்டபோது படிக்கப்பட்டது. அச்சேறிய அறிவு மனிதரின் மூலமாகவே மனிதரை அடைகிறது. மேலும், அந்த நூலைப் பெற்ற மெண்டலீவ் அன்று பெயர் பெறாத இளைஞர். மூத்தவர்கள் கூடிய அவையில் அவருக்கும் ஓர் இருக்கை இருந்தது.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதன் காரணத்தை வேறு கோணத்தில் காட்டுகிறது. வேலை மாறியவர்களிடம் அந்த வேலையைப் பற்றிய செய்தி யார் மூலம் கிடைத்தது என்று அவர் விசாரித்தபோது, நெருங்கிய நண்பர்களைக் காட்டிலும் எப்போதாவது பார்த்துப் பேசும் அறிமுகங்களின் மூலமே அது மிகுதியாகக் கிடைத்திருந்தது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததே; புதிய செய்தி தொலைவிலுள்ள அறிமுகத்திடமிருந்து வருகிறது. இத்தகைய அறிமுகங்களை மெல்லிய பிணைப்புகள் என்று அழைப்பார்கள். மாநாட்டின் தேநீர் இடைவேளை அந்தப் பிணைப்புகளை மிகக் குறைந்த செலவில் உண்டாக்கும் இடம். நிகழ்ச்சி நேரம் நீண்டுவிட்டது என்று சொல்லித் தேநீர் இடைவேளையை 10 நிமிடமாகக் குறுக்கும் ஏற்பாட்டாளர்கள், தாங்கள் வெட்டுவது எதை என்பதை ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சுவரொட்டியின் முன்னால் ஒரு மாணவி

எல்லோருக்கும் மேடையில் நேரம் ஒதுக்க முடியாது என்பதால், 1970களிலிருந்து பல மாநாடுகளில் சுவரொட்டி அமர்வு என்ற ஒரு முறை பரவியது. ஆய்வாளர் தம் ஆய்வை ஒரு பெரிய தாளில் படங்களோடும் அட்டவணைகளோடும் அச்சிட்டு ஒரு பலகையில் ஒட்டிவிட்டு, அதன் அருகில் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ நிற்பார். வருகிறவர்கள் படித்துவிட்டு நேரடியாகப் பேசுவார்கள். மேடை கிடைக்காதவர்களுக்கான ஆறுதல் பரிசு என்று இதை நினைப்பவர்கள் உண்டு. புதியவருக்கு மேடையைவிட இதுவே மிகுந்த பயன் தருவது என்பேன். ஏன் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காட்டலாம்.

மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ் படிக்கும் ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். நம் தீவின் அன்றாடப் பேச்சுமொழியான மொரிசியஸ் கிரியோலில் புழங்கும் தமிழ்ச் சமையற்சொற்களைத் தொகுத்திருக்கிறாள். முருங்கைக்கீரை இங்கே முரும் ஆகியிருக்கிறது, பீர்க்கங்காய் பிப்பங்காய் ஆகியிருக்கிறது, ரசம் ரசோன் ஆகியிருக்கிறது. இவை 1834க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த தமிழரிடமிருந்து நுழைந்தவை என்று அவள் சுவரொட்டியில் எழுதியிருக்கிறாள். பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனிலிருந்து வந்த ஓர் ஆய்வாளர் அங்கே நின்று படிக்கிறார். தங்கள் தீவில் முருங்கையை முருங் என்பார்கள் என்றும், பிப்பங்காய் அங்கேயும் உண்டு என்றும் சொல்கிறார். பிறகு மெதுவாக ஒரு கேள்வி கேட்கிறார்: "லா பூர்தொனே பிரெஞ்சு ஆளுநராக இருந்த 1730களிலும் 1740களிலுமே புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் இரண்டு தீவுகளுக்கும் வந்துவிட்டார்களே அம்மா, இந்தச் சொற்களில் சில அப்போதே வந்திருக்கலாம் அல்லவா? பிரெஞ்சுக்கால ஆவணங்களைப் பார்த்தீர்களா?"

மேடையில், 60 பேர் முன்னிலையில், அமர்வின் கடைசி இரண்டு நிமிடத்தில் இதே கேள்வி வந்திருந்தால் அந்த மாணவி திகைத்து நின்றிருப்பாள். அவளுடைய ஆய்வு தகர்க்கப்பட்டது போல அவைக்குத் தோன்றியிருக்கும். சுவரொட்டியின் முன்னால் அது உரையாடலாகிறது. பார்க்கவில்லை என்று அவள் தயங்காமல் சொல்லலாம். எந்த ஆவணக் காப்பகத்தில் தேடுவது என்று கேட்கலாம். அவர் தம் நூலகக் குறிப்புகளை அனுப்புவதாகச் சொல்லி மின்னஞ்சல் முகவரியை எழுதிக் கொடுக்கலாம். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த டர்பன் ஆய்வாளர் ஒருவர், தென்னாப்பிரிக்க இந்தியரின் ஆங்கிலத்திலும் இப்படித் தமிழ்ச் சமையற்சொற்கள் உண்டு, சேர்ந்து ஒரு பட்டியல் போடலாமா என்று கேட்கலாம். மூன்று நாடுகளின் தமிழ் வழக்குகளை ஒப்பிடும் ஆய்வு இப்படித்தான் பிறக்கிறது. மொழியும் இதற்குத் துணைசெய்கிறது: நம் ஊர் மாநாட்டு மேடைகளில் ஆங்கிலமோ பிரெஞ்சோ ஒலிக்கும், பலகைகளுக்கு இடையிலும் தேநீர் மேசையிலும் கிரியோல் ஒலிக்கும். மேடையில் வாய் திறக்காத மாணவர் அங்கே தங்குதடையின்றிப் பேசுவார்.

இந்தப் பகுதியில் நினைவில் கொள்ள வேண்டியது: ஆதரவு என்பது பாராட்டிப் பேசுவதைக் குறிக்கவில்லை. அந்த ரீயூனியன் ஆய்வாளர் மாணவியைப் புகழவில்லை. அவளுடைய முடிவின் அடித்தளத்தையே கேள்விக்குள்ளாக்கினார். அந்தக் கேள்வியை அவள் தாங்கிக்கொண்டு மேலே செல்லக்கூடிய விதத்தில், தாங்கிக்கொள்ளக்கூடிய இடத்தில் கேட்டார்.

தமிழாய்வு பெற்றதும் நாம் பெற்றதும்

தமிழ் படிப்பவர்களுக்கு மிக அருகிலுள்ள சான்று உலகத் தமிழாராய்ச்சி மாநாடுகளே. 1964 ஜனவரியில் புதுடெல்லியில் கீழ்த்திசை ஆய்வாளர்களின் 26ஆவது பன்னாட்டு மாநாடு நடந்தது. அதற்கு வந்திருந்த தமிழறிஞர்களைச் சேவியர் தனிநாயகம் அடிகளாரும் வ.அய்.சுப்பிரமணியமும் ஒன்றுகூட்ட, அங்கேயே உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தொடங்கப்பட்டது. பிரெஞ்சு அறிஞர் ழான் பிலியோசா தலைவரானார். செக் நாட்டுக் கமில் சுவலபிலும் அடிகளாரும் செயலாளர்களானார்கள். வேறொரு மாநாட்டின் ஓரத்தில் பிறந்த இந்த மன்றம் 1966இல் கோலாலம்பூரிலும் 1968இல் சென்னையிலும் 1970இல் பாரிசிலும் 1974இல் யாழ்ப்பாணத்திலும் 1981இல் மதுரையிலும் 1987இல் மீண்டும் கோலாலம்பூரிலும் கூடி, 1989 டிசம்பரில் ஏழாவது மாநாட்டுக்காக நம் மோக்காவிற்கு வந்தது.

1968 சென்னை மாநாட்டைப் பொதுமக்கள் இன்றும் நினைவில் வைத்திருப்பது மெரினா கடற்கரையில் அப்போது நிறுவப்பட்ட தலைவர்கள், புலவர்களின் சிலைகளால்தான். விழாவும் ஆய்வும் ஒன்றாக நடந்த அந்தப் பழக்கம் தமிழர் மனத்தில் மாநாட்டை விழாவாகவே பதித்துவிட்டது. விழாவை நான் குறை சொல்ல மாட்டேன். மொழியின் மீது மக்களுக்குள்ள அன்பு வெளிப்படுவதற்கு அதுவும் வேண்டும். ஆனால் ஆய்வாளர்களுக்கு அந்த நாட்களில் கிடைத்தது வேறு. செக் நாட்டில் சங்க இலக்கியம் படிப்பவரும் யாழ்ப்பாணத்தில் கல்வெட்டுப் படிப்பவரும் ஒருவர் இருப்பதை மற்றவர் அறிந்துகொள்ள அன்று வேறு எளிய வழி இல்லை.

கணினித் தமிழிலும் இதே கதை. 1997இல் சிங்கப்பூரில் நா.கோவிந்தசாமி முன்னின்று கூட்டிய மாநாட்டைத் தொடர்ந்து, 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. ஆளுக்கொரு விசைப்பலகை வைத்திருந்த நிலையில், பல நாடுகளிலிருந்து வந்த தமிழர் உட்கார்ந்து பேசியதன் விளைவாகத் தமிழ்99 விசைப்பலகை உருவாயிற்று. தன் விசைப்பலகையே சிறந்தது என்று நம்பும் ஒருவரை, நேருக்கு நேர் உட்காராமல் விட்டுக்கொடுக்கச் செய்வது அரிது. இன்று கைப்பேசியில் அந்த விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் அந்த மாநாட்டின் விளைவைத் தொடுகிறோம்.

சுமார் 12 லட்சம் மக்கள் வாழும் நம் தீவுக்கு இதில் தனித்தேவை உண்டு. பெரிய நாட்டின் பல்கலைக்கழகத்தில் ஒரே துறையில் 10 பேர் இருப்பார்கள். சந்தேகம் வந்தால் அடுத்த அறைக் கதவைத் தட்டலாம். மொரிசியஸ் பல்கலைக்கழகம் உள்ள ரெடுய்யிலோ மோக்காவிலோ ஒருவர் ஒரு நுணுக்கமான பொருளை ஆராய்ந்தால், தீவிலேயே அந்தப் பொருளை அறிந்தவர் அவர் ஒருவராகவே இருக்க நேரும். அவர் எழுதியதைச் சரி என்று சொல்லவும் ஆளில்லை, தவறு என்று சொல்லவும் ஆளில்லை. இந்தத் தனிமை திறமையானவர்களையும் சோர்ந்து போகச் செய்கிறது. சிலர் ஆய்வை விட்டுவிடுகிறார்கள், சிலர் நாட்டையே விட்டுவிடுகிறார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கூடும் ஒரு நல்ல மாநாடு அப்படிப்பட்டவருக்கு அடுத்த அறைக் கதவாகிறது.

ஆதரவு தானாக வந்துவிடாது

மனிதரை ஓரிடத்தில் கூட்டிவிட்டால் போதும், நல்ல பண்பாடு தானே முளைக்கும் என்பது இன்னொரு தவறான எண்ணம். கூட்டத்தில் தானாக முளைப்பது பெரும்பாலும் பழைய படிநிலைதான். பெயர் பெற்றவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். புதியவர்கள் சுவரோரம் தேநீர்க் கோப்பையோடு நிற்பார்கள். மூத்தவரிடம் பலர் முன்னிலையில் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக இருப்பதால் இந்த நிலை இன்னும் இறுகிவிடுகிறது. ஆதரவான பண்பாடு வேண்டுமென்றால் அதற்கான ஏற்பாடு வேண்டும்.

கேள்வி நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 10 நாடுகளில் சுமார் 250 கல்விக் கருத்தரங்குகளைக் கவனித்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, அவையில் ஆணும் பெண்ணும் சம அளவில் இருந்தபோதும் பெண்கள் கேட்ட கேள்விகள் குறைவாகவே இருந்தன என்று காட்டியது. முதல் கேள்வியை ஓர் ஆண் கேட்ட கூட்டங்களில் அதன் பிறகு பெண்கள் கேட்டது இன்னும் குறைந்திருந்தது. இதிலிருந்து அமர்வுத் தலைவருக்கு ஒரு எளிய வழி கிடைக்கிறது: முதல் கேள்வியை ஒரு மாணவிக்கோ மாணவருக்கோ கொடுங்கள். கேள்வி என்ற பெயரில் தம் சொந்த உரையைத் தொடங்குபவரை, அவர் எவ்வளவு பெரியவரானாலும், "ஐயா, கேள்வியை மட்டும் கேளுங்கள்" என்று பணிவோடு நிறுத்துங்கள். இந்த இரண்டையும் துணிவோடு செய்யும் தலைவர் கிடைத்தால் ஒரே நாளில் அவையின் தன்மை மாறிவிடும்.

அடுத்தது பாதுகாப்பு. பட்டத்துக்கும் வேலைக்கும் மூத்தவரின் தயவை எதிர்பார்த்து நிற்கும் இளையவர், தகாத பேச்சோ நடத்தையோ நேர்ந்தால் வெளியே சொல்ல அஞ்சுவார். அதனால் பல சங்கங்கள் நடத்தை விதிகளை முன்கூட்டியே எழுதி, யாரிடம் முறையிடுவது என்பதையும் அறிவித்துவிடுகின்றன. அமெரிக்கப் புவி இயற்பியல் சங்கம் 2017இல் தொல்லை கொடுத்தலையும் பாகுபாட்டையும் ஆய்வில் செய்யும் மோசடிக்கு இணையான அறப்பிழையாகத் தன் விதிகளில் சேர்த்தது. நம் தீவில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள், இவையெல்லாம் இங்கே தேவையில்லை என்று சிலர் சொல்வதுண்டு. எல்லோரும் தெரிந்தவர்களாக இருக்கும் இடத்தில்தான் முறையிடுவது மேலும் கடினம். ஆகவே எழுதப்பட்ட விதி இங்கே கூடுதலாகத் தேவைப்படுகிறது.

மூன்றாவது, யார் உள்ளே வர முடிகிறது என்பது. பதிவுக் கட்டணம், விமானச் சீட்டு, தங்குமிடம், விசா ஆகிய நான்கும் சேர்ந்து பல நல்ல ஆய்வாளர்களை வெளியே நிறுத்திவிடுகின்றன. செயற்கை நுண்ணறிவுத் துறையில் இது வெளிப்படையாகவே தெரிந்தது: 2018லும் 2019லும் கனடாவில் நடந்த பெரிய மாநாடுகளுக்கு ஏற்கப்பட்ட ஆப்பிரிக்க ஆய்வாளர்கள் பலருக்கு விசா மறுக்கப்பட்டது. அதே துறையின் மற்றொரு முதன்மையான மாநாடு 2020இல் அடிஸ் அபாபாவில் நடக்க இருந்து, பெருந்தொற்றினால் இணையவழிக்கு மாறி, 2023இல் ருவாண்டாவின் கிகாலியில் நடந்தது. அதற்கு முன்பே, 2017இல், ஆப்பிரிக்க இளைஞர்கள் தாங்களே ஜொகானஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் டீப் லேர்னிங் இண்டாபா என்ற கூடலைத் தொடங்கினார்கள். அழைப்புக்குக் காத்திராமல் தங்கள் கண்டத்திலேயே தங்களுக்கான மதிப்பாய்வாளர்களையும் வழிகாட்டிகளையும் உருவாக்கிக்கொண்டார்கள் என்பதால் அதை நான் மிகவும் மதிக்கிறேன். இந்தியர்களும் பெரும்பாலான ஆப்பிரிக்க நாட்டவர்களும் முன்விசா இல்லாமலேயே வந்து இறங்கக்கூடிய மொரிசியசுக்கு இதில் பெரிய வாய்ப்பு இருக்கிறது. அதைச் சுற்றுலா வருமானமாக மட்டும் பார்ப்பது போதாது.

இணையவழி மாநாடு இந்தத் தடைகளில் பலவற்றை நீக்கியிருக்கிறது, அதற்கு நன்றியோடு இருக்க வேண்டும். ஆயினும் அதில் கட்டுரை வந்து சேர்கிறது, சுவரொட்டியின் முன்னால் நடக்கும் உரையாடல் வந்து சேர்வது அரிது. இணைய அமர்வுக்குப் பின் நான்கைந்து பேராகப் பிரிந்து பேச அரை மணி நேரம் ஒதுக்குவது ஓரளவு உதவும்.

சுருக்கமாக: கேள்வியின் ஒழுங்கு, நடத்தை விதி, நுழைவின் செலவு என்ற மூன்றும் ஏற்பாட்டாளர் கையில் உள்ளவை.

போலி மாநாடுகள்

சான்றிதழ் மட்டுமே குறி என்று நினைப்பவர்களை நம்பியே ஒரு வணிகம் நடக்கிறது. எல்லாத் துறைகளையும் ஒரே அரங்கில் சேர்த்து, முகத்துதியான மின்னஞ்சல் அனுப்பி, அனுப்பிய சுருக்கத்தை ஓரிரு நாளிலேயே ஏற்று, கட்டணத்தைக் கேட்கும் மாநாடு போலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அமைப்புக் குழுவில் உள்ளவர்களின் பெயர்களைத் தேடிப் பாருங்கள். அவர்களில் ஒருவருக்கு நேரடியாக எழுதிக் கேளுங்கள். முந்தைய ஆண்டின் ஆய்வுக்கோவை கிடைக்கிறதா என்று பாருங்கள். உங்கள் துறை மூத்தவர் எவரும் அங்கே போனதில்லை என்றால் பணம் கட்டாதீர்கள்.

முதல் முறை போகிறவருக்கு

நிகழ்ச்சி நிரல் வந்தவுடன், சந்திக்க விரும்பும் மூன்று பேரைத் தேர்ந்து, அவர்கள் எழுதிய ஏதாவது ஒன்றையாவது படித்துவிட்டுச் செல்லுங்கள். அவர்களில் ஒருவர் உங்களைப் போலவே முதல் முறை வருகிறவராக இருக்கட்டும். பத்து ஆண்டுக்குப் பின் உங்கள் கட்டுரைகளை மதிப்பாய்வு செய்யப் போகிறவர் அவர்தான். உங்கள் அமர்வு முடிந்ததும் ஊர் திரும்பிவிடாமல் மற்றவர்களின் அமர்வுகளிலும் உட்காருங்கள். உங்களிடம் கேட்கப்பட்ட ஒவ்வொரு கேள்வியையும், கேட்டவர் பெயரோடு அன்று இரவே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விடை தெரியாத கேள்விகளை முதலில் எழுதுங்கள்.

வீடு திரும்பிய ஒரு வாரத்திற்குள் அந்தக் கேள்விகளில் ஒன்றுக்காவது விடை தேடி, கேட்டவருக்கு எழுதி அனுப்புங்கள். வணக்கம், மகிழ்ச்சி என்று மட்டும் எழுதும் கடிதத்துக்குப் பதில் வராமல் போகலாம். "நீங்கள் கேட்ட பிரெஞ்சுக்கால ஆவணத்தைப் பார்த்தேன், இந்தச் சொல் அதில் இப்படி எழுதப்பட்டிருக்கிறது" என்று எழுதும் கடிதத்துக்குப் பதில் எழுதாத ஆய்வாளரை நான் கண்டதில்லை.